முழங்கால் நீச்சல்

தருமலிங்க வாத்தியார் என் பெயரைச் சொன்னபோது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. பிறகு நடந்ததெல்லாம் அந்த மௌனத்தால் வந்தது என்பதால் அதையே முதலில் எழுதிவைக்கிறேன்.

எங்கள் மாலைப் பள்ளி பழவேற்காட்டுக் கோட்டைக்கு வெளியே, துணிக்கிடங்கின் பின்கட்டில் நடக்கிறது. விளக்கு வைக்கும் நேரத்தில் தொடங்கி இரண்டு நாழிகை. ஒல்லாந்தர் கும்பினியில் எழுத்து வேலைக்குப் போக நினைக்கும் ஒன்பது பேர், கும்பினி கழித்துப்போட்ட தாள்களின் வெறும்பக்கத்தில் அன்றன்று நடந்ததை எழுதிப் பழகுகிறோம். புரட்டாசியில் ஒரு நாள் வாத்தியார் ஒரு செய்தியோடு வந்தார். முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலில் நிற்கும் கப்பல்களுக்குத் துணிக்கட்டுகளை ஏற்றிப் போகும் சலங்குப் படகில் ஓர் எழுத்தர் வேண்டுமாம். எந்தக் கட்டு எந்தக் கப்பலில் ஏறியது என்று எழுதுவதுதான் வேலை. ஒரு நிபந்தனை: எழுத்தருக்கு நீந்தத் தெரியும் என்று கோட்டை வைத்தியத்துரை சீட்டுக் கொடுக்க வேண்டும்.

எங்களில் இருவரைத்தான் அனுப்பலாம் என்று வாத்தியார் நினைத்திருந்தார். ஒருவன் இனாயத்துல்லா. பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. அவன் கையெழுத்து என்னுடையதைவிட நேராக இருக்கும். கேட்டவுடன் அவன் எழுந்து, தன் வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்க்கவே தனக்குத் தலைசுற்றும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டான். வாத்தியார் சிரித்தபடி என் பக்கம் திரும்பினார்.

"மாசிலாமணி பசியாவரத்துப் பையன். நாலு பக்கமும் தண்ணி. இவனுக்குச் சீட்டு வாங்க ஒரு காலைப் பொழுது போதும்."

நான் தலையாட்டினேன். எனக்கு நீந்தத் தெரியாது.

பசியாவரம் ஏரிக்குள் இருக்கும் தீவு. அங்கே பிறந்தவனுக்கு நீச்சல் தெரியாது என்றால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். ஆனால் எங்கள் பக்கத்து ஏரி பெரும்பாலும் இடுப்பளவுதான். ஆழமான ஓடைகளைப் படகில் கடப்போம். மற்ற இடமெல்லாம் நடைதான். இறால் பிடிக்கும்போது நடப்பதுகூட இல்லை. பிடித்த இறாலைப் போடும் ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றில் முழங்காலிட்டு, கழுத்துவரை தண்ணீரில், இரண்டு கைகளாலும் தரையைத் துழாவிக்கொண்டே ஊர்வோம். எங்கள் ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் பிழைக்கிறார்கள். நீந்தத் தெரியுமா என்று அங்கே யாரும் யாரையும் கேட்டதில்லை. அதனால் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பதும் வெளியே வந்ததில்லை.

என் அத்தை மகள் பச்சையம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவள் அப்போது பறியைக் கவிழ்த்து இறாலைக் கூறுகட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஊருக்கே தெரியாதது தொரைக்கு மட்டும் எப்படித் தெரியும் மாமா? அந்தக் கூண்டுல தண்ணி எம்மாம் ஆழம்?"

இடுப்பளவு என்று கேள்வி என்றேன்.

"அப்ப இன்னாத்துக்கு நீந்தணும்?"

கூண்டு என்று அவள் சொன்னது வைத்தியத்துரை புதிதாக அமைத்த இடத்தை. கோட்டைச் சிப்பாய்கள் சும்மா படுத்துக் கிடந்தே நோயாளிகள் ஆகிறார்கள் என்று கண்டுபிடித்த துரை, ஏரிக்கரையில் ஒரு மைதானத்தைச் சமன்செய்து, அதையொட்டி ஏரித் தண்ணீரில் மூங்கில் கழிகளை நெருக்கமாக நட்டு வேலி கட்டினார். மைதானத்தில் உடற்பயிற்சி, வேலிக்குள் நீச்சல். புதனும் சனியும் ஊர் ஆண்களும் வரலாம் என்று பறையடித்துச் சொன்னார்கள். அவ்வளவு பெரிய ஏரியில் கொஞ்சம் தண்ணீரை மட்டும் எதற்காக வேலி போட்டு அடைக்கிறார்கள் என்பது எந்தக் குப்பத்துக்கும் விளங்கவில்லை.

நான் சனிக்கிழமை காலை, கோட்டை மணி ஏழு அடித்த பிறகு போனேன். வாசலில் பெருங்கூச்சல். பறையில் "குளிக்க வரலாம்" என்று கேட்டவர்கள், சனிக்கிழமை என்பதால் தலையிலிருந்து கால்வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு, கிண்ணத்தில் சீயக்காயோடு வந்திருந்தார்கள். பதினோரு பேர் என்று எண்ணினேன், பன்னிரண்டாகவும் இருக்கலாம். எண்ணெயோடு உள்ளே விடமாட்டேன் என்றான் சிப்பாய். குளித்தால்தானே எண்ணெய் போகும் என்றார்கள் இவர்கள். இரண்டும் சரியாகவே பட்டதால் நான் ஓரமாக நின்றேன். கடைசியில் அவர்கள் வேலிக்கு வெளியே, அதே தண்ணீரில், சிப்பாய் பார்த்துக்கொண்டிருக்க, சாவகாசமாகக் குளித்துவிட்டுப் போனார்கள்.

உள்ளே போனவுடன் தண்ணீரில் இறங்க முடியாது. மைதானத்தை ஐந்து முறை சுற்றி ஓட வேண்டும். பிறகு கயிற்றில் ஏறி இறங்க வேண்டும். கர்லாக்கட்டை சுற்ற வேண்டும். அதன்பின் ஒரு பெரிய கல்லை மார்புவரை தூக்க வேண்டும். எனக்கு முன்னால் சலங்குப் படகின் தண்டல் சுப்பன் நின்றிருந்தார். படகை நடத்துகிற தலைவர் அவர்தான். படகுக்காரர்கள் எல்லாருக்குமே சீட்டு வேண்டும் என்று உத்தரவு. விடியுமுன் எழுந்து ஒரு கப்பலுக்குப் போய்த் துடுப்புப் போட்டுத் திரும்பியவர், கல்லைத் தேங்காய் மாதிரித் தூக்கிக்கொண்டு துரையைப் பார்த்தார்.

"தூக்கிட்டேன். எங்க வைக்கணும்?"

எடுத்த இடத்திலேயே வை என்றார் துரை. இங்கே பத்து வருஷமாக இருப்பதால் அவருக்குத் தமிழ் வரும்.

"அப்ப எதுக்குத் தூக்கச் சொன்னீங்க?"

உடம்புக்குப் பலம் வர என்றார் துரை. சுப்பன் தன் கையையும் துரையின் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கல்லைக் கீழே வைத்தார்.

நீச்சல் சோதனை இதுதான்: ஒரு கோடியில் கட்டிய கயிற்றிலிருந்து எதிர்க்கோடியில் நட்ட கம்பம்வரை இருபது பாகம், அதாவது இருபது ஆள் கைவிரிப்புத் தூரம், போக வேண்டும், கம்பத்தைத் தொட்டுத் திரும்ப வேண்டும். நடுவில் எழுந்து நின்றால் சீட்டு இல்லை. சுப்பன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போய், நான் எண்பது எண்ணுவதற்குள் திரும்பிவிட்டார். துரை முகம் சுளித்தார். தண்ணீரை அதிகம் அடிக்கிறான், மூச்சு வாங்குகிறான், நாய் மாதிரி நீந்துகிறான் என்று அவர் பக்கத்தில் இருந்த சிப்பாய்க்குச் சொன்னது எனக்குக் கேட்டது. சுப்பனுக்குச் சீட்டுக் கொடுத்தார், ஆனால் வேண்டாவெறுப்பாக.

என் முறை வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பச்சையம்மா பறியைக் கடித்துக்கொண்டு, கழிகளின் அடியில் இறால் துழாவிக்கொண்டிருந்தாள். வேலை பார்க்க வந்தாளா, வேடிக்கை பார்க்க வந்தாளா என்று தெரியவில்லை. வாயில் கயிறு இருந்ததால் அவளால் பேச முடியாது என்பது மட்டும் ஆறுதல்.

தண்ணீர் இடுப்பளவு. கலங்கல். அடியில் என்ன நடக்கிறது என்று மேலிருந்து தெரியாது. கயிற்றைத் தாண்டியதும் முழங்காலிட்டேன். தண்ணீர் தாடையில் நின்றது. பிறகு சிறு வயதிலிருந்து செய்ததைச் செய்தேன். தலை நேராக, கண் கம்பத்தின்மேல், கைகள் இரண்டும் முன்னால் மெல்ல விரிந்து விரிந்து மூட, முழங்கால்கள் சேற்றில் ஒன்றன்பின் ஒன்றாக. ஒரு துளி தெறிக்கவில்லை. பாதி வழியில் பழக்கதோஷத்தால் கையில் ஓர் இறால் அகப்பட்டது. போடுவதற்குப் பறி இல்லாததால் விட்டுவிட்டேன். கம்பத்தைத் தொட்டுத் திரும்பிக் கயிற்றுக்கு வந்தபோது சிப்பி கிழித்த முழங்கால்கள் எரிந்தன.

துரை கரையிலிருந்து தண்ணீருக்குள் சப்பாத்தோடு இறங்கி வந்து என் தோளைப் பிடித்தார்.

"இருபது வருஷம் கப்பலிலே போனேன். இப்படி நீச்சல் பார்த்தது இல்லை. சத்தம் இல்லை. மூச்சு வாங்கல் இல்லை. அன்னம் மாதிரி."

மறுபடி போகச் சொன்னார். போனேன். மூன்றாவது முறை அவர் கரையோரமாக என்னோடு கூடவே நடந்து, என் கை எத்தனை முறை விரிகிறது என்று எண்ணி ஒரு புத்தகத்தில் எழுதிக்கொண்டார். வேலிக்கு வெளியே பச்சையம்மாவின் பறி மட்டும் தண்ணீரில் தனியாக மிதந்தது. சிரிப்பு வந்து கயிற்றைப் பல்லிலிருந்து விட்டிருக்கிறாள்.

சீட்டு கிடைத்தது. அதோடு முடிந்திருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. அடுத்த புதன்கிழமையும் வந்து மற்றவர்களுக்கு இதைச் செய்துகாட்ட வேண்டும் என்றார் துரை. இது பசியாவரத்து நீச்சல், இதை எல்லாருக்கும் பழக்கப் போகிறேன், இதைப் பற்றிப் பத்தாவியாவில் இருக்கும் கும்பினித் தலைமைக்குக் கடிதம் எழுதப் போகிறேன் என்றார்.

புதன்கிழமை அங்கே சோதனையில் முன்பு தவறிய சிப்பாய்கள் நால்வர், கிடங்கு எழுத்தர் ஒருவர், கோட்டைச் சமையற்காரர் எல்லாரும் வந்திருந்தார்கள். இனாயத்துல்லாவும் வந்திருந்தான், வாத்தியார்தான் அனுப்பினாராம். நான் முன்னால் போக, அவர்கள் பின்னால் வந்தார்கள். முதலில் ஆளாளுக்குத் தண்ணீர் குடித்தார்கள். சற்று நேரத்தில் என் பின்னால் இருமல் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். இனாயத்துல்லாவின் தலை நேராக, அசையாமல், என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. அருகில் வந்து, உதடு அசையாமல் கேட்டான்:

"டேய், இது நடக்கறது தானே?"

நான் கம்பத்தைப் பார்த்துக் கையை விரித்தேன். அவனும் அப்படியே செய்தான். அவனுக்குப் பின்னால் வந்த சமையற்காரருக்கும் விளங்கிவிட்டது என்பது அவர் முகத்தில் திடீரென்று வந்த பக்தியிலிருந்து தெரிந்தது. யாரும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தன் சீட்டும் போகும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஐப்பசி பிறந்தபோது துரை இந்த நீச்சலுக்கு மட்டும், என்னோடு சேர்த்து, பத்தொன்பது பேருக்குச் சீட்டுக் கொடுத்திருந்தார். காலையில் ஏரிக்கரையில் போகிறவர்கள், சந்தையில் அடுக்கிய பானைகள் மாதிரித் தலைகள் வரிசையாக, சிரிக்காமல், தண்ணீரின்மேல் நகர்வதைப் பார்த்தார்கள். உள்ளே முழங்கால்கள் உழுத உழவில் இறால் எல்லாம் வேலியைத் தாண்டி ஓடி வந்ததால், பச்சையம்மாவுக்கு அந்த மாதம் நல்ல அறுவடை. பத்தாவியாவுக்கு எப்போது கடிதம் போகிறது என்று அவள் தினமும் என்னை விசாரித்தாள்.

ஐப்பசியில் மழை பெய்து முகத்துவாரம் பெரிதாக வெட்டிக்கொண்டது. கடல் கொந்தளிப்பாக இருந்த ஒரு திங்கட்கிழமை, வெளியே நின்ற கப்பலுக்குச் சலங்கு போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. என் முதல் பயணம். வெள்ளைத் துணியில் சுற்றிய ஏட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, கோட்டை ஓடைத்துறைக்குப் போனேன். தண்டல் சுப்பனும் துடுப்புக்காரர்கள் ஐவரும் படகில் இருந்தார்கள். கட்டுகளுக்குக் காவலாகச் சிப்பாய்கள் நால்வர். கப்பலில் ஒரு சமையற்காரர் தேவைப்பட்டதால் நம் சமையற்காரர். கப்பலில் இருந்த மாமாவைப் பார்க்க அனுமதி வாங்கி இனாயத்துல்லா. இவர்களோடு வைத்தியத்துரையும் வந்திருந்தார். கப்பலில் நோயாளிகள் இருந்தார்கள்.

துறையில் சுரைக்குடுக்கைகள் ஜோடி ஜோடியாகக் கட்டிக் கிடந்தன. முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தால் மிதப்பதற்காக, நீந்தத் தெரியாதவர்கள் அக்குளுக்கடியில் கட்டிக்கொள்வது அந்தப் படகின் வழக்கம். சுப்பன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"சீட்டு இருக்குதா? இருக்குதா? எல்லாருக்கும் இருக்குதா? அப்ப குடுக்கை எதுக்கு, எடத்த அடைக்கும்." எல்லாவற்றையும் கரையிலேயே விட்டுவிட்டார்.

நான் எண்ணிப்பார்த்தேன். துடுப்புக்காரர்கள் கடற்கரைக் குப்பத்து ஆட்கள், அவர்களுக்கு நீந்தத் தெரியும். சுப்பனுக்குத் தெரியும். மீதி, துரையைத் தவிர்த்து, ஏழு பேர். ஏழு பேருமே என்னிடம் கற்றவர்கள், என்னையும் சேர்த்து. தவறாக எண்ணிவிட்டேனோ என்று மறுபடி எண்ணினேன். சிப்பாய்களில் ஒருவன் முகத்துவாரத்துப் பக்கம் கேட்ட அலைச் சத்தத்தைக் கவனித்துவிட்டு என்னைப் பார்த்தான். இனாயத்துல்லாவும் பார்த்தான். எல்லாரும் என்னையே பார்ப்பதாகத் தோன்றியது.  நான் பேசினால் வேலை போகும். பேசாவிட்டால், முதல் பெரிய அலையிலேயே இந்த ஏழு பேரும் அடியில் சேற்றைத் தேடுவார்கள். அங்கே சேறு இருக்கிற ஆழத்துக்கு யாருடைய முழங்காலும் எட்டாது.

"தொரை," என்றேன். "நான் நீந்தல. நடந்தேன். முட்டி போட்டு."

துரை சிரித்தார். அடக்கம் நல்லதுதான், ஆனால் அளவோடு இருக்கட்டும் என்றார். நான் திரும்பவும் சொன்னேன். தன் இரண்டு கண்ணாலும் பார்த்ததாகவும், கையசைவை எண்ணி எழுதியிருப்பதாகவும், கடிதம் அனுப்பியாகிவிட்டது என்றும் சொன்னார். கடிதத்தைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்தது. ஏறு படகில் என்றார்.

அவரை நம்பவைக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை. நன்றாக யோசித்திருந்தால் தெரிந்திருக்கலாம். ஏட்டை இனாயத்துல்லாவின் கையில் கொடுத்துவிட்டு, துறையின் விளிம்பிலிருந்து ஓடைக்குள் கால் வைத்தேன்.

அங்கே ஆழம் மூன்று பாகம் இருக்கும் என்கிறார்கள். நான் அளக்கவில்லை. கால் தரையைத் தேடியது, தரை இல்லை. கைகள் பழக்கப்படி அழகாக விரிந்து விரிந்து மூடின. அதில் எந்தப் பயனும் இல்லை. காது அடைத்தது. பிறகு இடுப்பில் ஏதோ மாட்டி என்னைப் பின்புறமாக மேலே இழுத்தது. சுப்பன் தன் கொக்கிக் கழியைக் கோவணக் கயிற்றில் போட்டு இழுத்திருக்கிறார். கரையில் கிடந்து தண்ணீரைக் கக்கினேன்.

"அன்னம் நல்லாத்தான் முழுகுது தொரை," என்றார் சுப்பன்.

துரை என்னைப் பார்க்கவில்லை. மற்றவர்களைப் பார்த்தார். வேறு யார் நடந்தது என்று கேட்டார்.  இனாயத்துல்லா குனிந்து ஒரு ஜோடிக் குடுக்கையை எடுத்து அக்குளில் கட்டத் தொடங்கினான். அவனுக்குப் பின் சமையற்காரர். பிறகு சிப்பாய்கள் நால்வரும், ஒருவர் முதுகில் ஒருவர் முடிச்சுப் போட்டபடி. துரை அசையாமல் நின்றார். அவர் முகம் சிவந்துகொண்டே போனது. கோபம் என்று நினைத்தேன். பிறகு அவரும் குனிந்து, மீதிக் கிடந்த ஜோடியை எடுத்து, அங்கிக்கு மேலேயே கட்டிக்கொண்டார்.

பிறகுதான் அது எங்களுக்கு விளங்கியது. கூண்டு பூட்டியிருக்கும் நாட்களில் காலையில் அவர் தனியாக உள்ளே இறங்கிப் பசியாவரத்து நீச்சலைப் பழகியிருக்கிறார். நன்றாக வந்ததாம்.

"இறுக்கிக் கட்டுங்க தொரை," என்றார் சுப்பன். அவ்வளவுதான் சொன்னார்.

கப்பல் காத்திருந்தது. எழுத்தர் இல்லாமல் படகு போக முடியாது. துரை என்னை மேலும் கீழும் பார்த்தார். என்னிடமிருந்து சொட்டிய தண்ணீர் காலடியில் குளமாக நின்றது. இனாயத்துல்லாவின் கையில் ஏடு உலர்ந்து இருந்தது. அவனையே எழுதச் சொன்னார். என் சீட்டைக் கேட்டார். அது இடுப்பில் மடித்து வைத்தபடி ஊறிப் போயிருந்தது. எடுத்தபோது இரண்டாகக் கிழிந்தது. அதை அவர் கிழித்ததாகத்தான் ஊரில் சொல்கிறார்கள், அது சரியல்ல.

படகு போய்விட்டு மாலையில் பத்திரமாகத் திரும்பியது. முகத்துவாரத்தில் ஒரு அலை படகின்மேல் ஏறி இறங்கியதில் சமையற்காரர் வெளியே விழுந்து, குடுக்கையோடு மிதந்து, சுப்பனின் கொக்கியில் மாட்டி உள்ளே வந்தாராம். இனாயத்துல்லா இதை மாலைப் பள்ளியில் சொல்லிவிட்டு, வேலையைத் தனக்குக் கொடுத்ததற்கு என்னிடம் வருத்தம் சொன்னான். வருத்தப்படாதே என்றேன். அவன் எழுதிய ஏட்டைப் பார்த்தேன். அலையடித்த இடத்தில்கூட வரி நேராக இருந்தது. எனக்குக் கொஞ்சம் வயிறு எரிந்தது என்பதையும் எழுத வேண்டும்.

கிழக்கே கட்டப்படும் இன்னொரு சலங்குக்கும் தை மாதத்தில் எழுத்தர் வேண்டும் என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார். சோதனைக்காகக் கூண்டில் இருந்த கம்பத்தை இப்போது பிடுங்கி ஓடையின் ஆழத்தில் நட்டிருக்கிறார்கள். பத்தொன்பது சீட்டுகளும் திரும்ப வாங்கப்பட்டன. புதனும் சனியும், கயிற்றுக்கு இந்தப் பக்கம், பத்தொன்பது பேரும் குடுக்கை கட்டிக்கொண்டு தண்ணீரை அடிக்கிறோம். நடுவில் துரை, அவரும் குடுக்கையோடு. நாய் நீச்சல் என்று முன்பு அவர் வெறுத்ததைச் சுப்பன் எல்லாருக்கும் காட்டுகிறார். தண்ணீர் தெறிப்பதில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிவதில்லை. அது வசதியாகவும் இருக்கிறது.

நேற்று முதன்முறையாகக் குடுக்கையை அவிழ்த்துவிட்டுப் போனேன். வேலிக்கு வெளியே பச்சையம்மா, பறியைத் தோளில் போட்டுக்கொண்டு, வேலையே இல்லாமல் நின்று எண்ணினாள்.

"ஆறு மாமா," என்றாள் நான் எழுந்து நின்றதும். "ஆறு கை போட்ட."

ஆறாவது கையின்போது என் கால் தரையைத் தொட்டிருந்தது. அவளுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை, தண்ணீர் கலங்கல். ஐந்து என்று எழுதியிருக்கிறேன்.